வெறும் வண்டி எடை

வேலந்தாவளம் எடைமேடையில்
ராத்திரி முறை எனக்கு.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம்
நாலு லாரி நீளம் தள்ளிக் கேரளம்.
இந்தப்பக்கம் நான், ஒரு மேசை விசிறி,
தூசி தும்மும் பழைய கணினி.

அது எழுந்திருக்கப் பதினோரு நிமிடம்.
இளநி லாரிக்காரன் டீ முடித்து
பீடி முடித்து
அடுத்த பீடிக்குத் தீப்பெட்டி தட்டும்போது
திரையில் வெளிச்சம் வரும்.
'இது அசல் அல்ல' என்று
மூலையில் நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.
நானும் தலையாட்டிவிட்டு
வேலையைப் பார்ப்பேன்.

ஆவணியில் ஒருநாள் எழவே இல்லை.
முதலாளி புதுசுக்கு விலை கேட்டார்.
கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம்
போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொள்ளாச்சியிலிருந்து நியாமத் வந்தான்,
சட்டைப்பையில் சுண்டுவிரல் அளவு பென்டிரைவ்.
'லினக்ஸ்க்கா. காசு கிடையாது. பழசுலயும் ஓடும்.'
ஈசியா என்றேன்.
பழகினா ஈசி என்றான்.
பழகினால் பல்வலியும் ஈசிதான்.

எந்த மொழி என்று அது கேட்டது.
பட்டியலில் கீழே கீழே போய்
தமிழைத் தொட்டுவிட்டு
நிக்காஹ் வீட்டுக்குக் கிளம்பிவிட்டான்.

கோப்பு. திருத்து. ஒட்டு. வெளியேறு.
என் மொழியில்தான் எழுதியிருந்தது,
எனக்குத்தான் புரியவில்லை.
சேவ் எங்கே, சேவ் எங்கே என்று
பத்து நிமிடம் தேடினேன்.
'சேமி' அதே இடத்தில்
உண்டியல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

அதுகூடப் பரவாயில்லை.
எடை வரவில்லை.
மேடையில் செங்கல் லாரி நிற்கிறது,
பெட்டியில் சிவப்பு எண் எரிகிறது,
திரை மட்டும் 'அனுமதி இல்லை' என்கிறது.
எந்தா சேச்சி, என்று ஒரு ஹாரன்.
பின்னால் ஏழு ஹாரன்.

போனில் நியாமத்,
அவனுக்குப் பின்னால் பிரியாணி அண்டா சத்தம்.
கறுப்புச் சன்னல் ஒன்றைத் திறக்கச் சொன்னான்.
'சூடோன்னு அடிங்க.'
சூடாவா?
'சூடோ. எல்லாம் சின்ன எழுத்து.
நடுவுல ஒரு இடம் விடுங்க.
இப்ப பாஸ்வேர்டு.'
அடித்தேன். ஒன்றும் விழவில்லை.
ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரம் இல்லை.
மறுபடி குத்தினேன். விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினேன்,
போன மாத முறுக்குத் தூள்தான் கொட்டியது.

ஜன்னலில் ஒரு தலை.
கொழிஞ்சாம்பாறை சவரிமுத்து,
சாக்குத் துண்டு தோளிலேயே இருந்தது.
'அது காட்டாதுக்கா.
அடிச்சிட்டு என்டரைத் தட்டு. உள்ள வாங்கிக்கும்.'

வாங்கிக்கொண்டது.
எடை வந்தது.

உனக்கெப்படிடா தெரியும்?
'எங்க ஸ்கூல்ல இதுதான். வேற பார்த்ததே இல்ல.
நீ முன்ன வச்சிருந்தயே,
அதுதான் எனக்குத் தலையும் வாலும் புரியாது.'
சொல்லிக்கொண்டே மூட்டைக்குத் திரும்பினான்.
பத்தாம் வகுப்பில் அவனைக் கவிழ்த்தது
கணக்காம், கணினி இல்லையாம்.

ஒரு லாரியை இரண்டுதரம் நிறுத்துவோம்,
சரக்கோடு ஒன்று, வெறும் வண்டியாக ஒன்று.
கழித்தால் வருவதுதான் சரக்கு.
இத்தனை நாள் கஷ்டம் கஷ்டம் என்று
நான் ஏற்றி நிறுத்தியதில்
என் பதினாலு வருடப் பழக்கம் எத்தனை கிலோ?
அதற்குச் சீட்டு போட்டதில்லை.

அதற்காக எல்லாமே பழக்கம் என்று
சொல்லமாட்டேன்.
பிரின்டர் பழக்கம் அல்ல,
அயோக்கியத்தனம்.
மூன்று வாரம் கையால் சீட்டு எழுதினேன்.
வலது கட்டைவிரலில் இன்னும் கார்பன் நீலம்.

இப்போது மணி இரண்டு.
வாளையாற்றுக் காற்று தார்ப்பாயைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது.
திரையில் ஒரு சின்னப் பெட்டி.
புதுப்பிப்புகள் உள்ளன.
இப்போதா, பிறகா?

பழையதாக இருந்தால் கேட்டிருக்காது.
மேடையில் வண்டி நிற்க நிற்க
தன்பாட்டுக்கு அணைந்து
தன்பாட்டுக்கு எழுந்திருக்கும்.
முதலாளியும் அப்படித்தான்,
முறை மாற்றும்போது கேட்டதில்லை.

கொஞ்சநேரம் அந்தக் கேள்வியை
அப்படியே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு, 'பிறகு.'

முன்சக்கரம் ஏறுகிறது.
மேடை ஒருதரம் முனகுகிறது.
எண்கள் மேலே போய், கீழே வந்து,
ஆடி,
நிற்கின்றன.